ஆட்டமும் ஆயுளும்

மாணவர்களே,

கால்பந்து காலால் ஆடும் ஆட்டம் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆயினும், அவ்வாட்டத்தில் உலகப் புகழ் எய்திய ஒருவர், கால்பந்து தலையால் ஆடப்படுவது, கால்கள் தலைக்கு ஏவல் செய்யும் கருவிகளே என்று வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். அவர் ஹாலந்து நாட்டு யோஹான் குரைஃப். 1947ஆம் ஆண்டு பிறந்து 2016ஆம் ஆண்டு மறைந்தவர். ஆட்டக்காரராகப் பெயர் பெற்றோர் பலர். பயிற்சியாளராகப் பெயர் பெற்றோரும் பலர். இரண்டிலும் முதல் வரிசையில் நின்றோர் மிகச் சிலர். குரைஃப் அச்சிலருள் ஒருவர். அதனினும் அரிய செய்தி, தாம் செய்தவற்றைப் பற்றி அவர் ஓயாது சிந்தித்தார் என்பது. செய்தித்தாள்களில் எழுதினார், பேட்டிகளில் பேசினார், தம் வரலாற்றையும் நூலாக்கினார். அந்நூல் அவர் மறைந்த பின், 2016ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஆட்டம், அணியை நடத்தும் கலை, நோய் என்னும் மூன்றினைக் குறித்தும் அவர் கண்ட உண்மைகளை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

ஆம்ஸ்டர்டாம் நகரின் கிழக்குப் பகுதியில் காய்கனிக் கடை வைத்திருந்த எளியவர் ஒருவரின் இளைய மகன் அவர். வீட்டுக்கு அண்மையிலேயே அயாக்ஸ் என்னும் கழகத்தின் ஆடுகளம் இருந்தது. பத்து வயதில் அக்கழகத்தின் சிறுவர் பிரிவில் சேர்ந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1959இல், தந்தை மாரடைப்பால் இறந்தார். தாய் அந்தக் கழகத்திலேயே துப்புரவுப் பணி செய்து பிள்ளைகளை வளர்த்தார். சிறுவனோ மெலிந்த உடலினன். தெருவில் தன்னினும் பெரிய பிள்ளைகளோடு ஆட வேண்டியிருந்தது. கற்கள் பாவிய தெருவில் விழுந்தால் அடிபடும். ஆகவே விழாமல் நிற்கக் கற்றான். தெருவோரக் கல்வரம்பில் பந்தை மோதவிட்டுத் திரும்பப் பெறவும் கற்றான். தடையாக நின்ற கல்லே பந்தை மீட்டுத் தரும் தோழனாயிற்று. ஒவ்வொரு குறையினுள்ளும் ஒரு நிறை ஒளிந்திருக்கிறது என்று பின்னாளில் அவர் அடிக்கடி கூறிய கருத்து, ஏட்டில் படித்ததன்று, இத்தெருவில் கிடைத்தது.

1964ஆம் ஆண்டு நவம்பரில், பதினேழு வயதில், அயாக்ஸின் முதல் அணியில் அவர் இடம் பெற்றார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ரீனஸ் மிக்கெல்ஸ் என்பவர் அவ்வணிக்குப் பயிற்சியாளராக வந்தார். ஓர் ஆட்டக்காரன் ஓரிடத்திற்கே உரியவன் என்ற பழைய முறையை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து மாற்றினர். காவல் நிற்பவன் முன்னேறித் தாக்குவான். அவன் விட்டுச் சென்ற இடத்தை வேறொருவன் வந்து நிரப்புவான். பந்து நம்மிடம் இருக்கும்போது களத்தை விரித்துப் பெரிதாக்க வேண்டும். எதிரியிடம் சென்றுவிட்டால் களத்தைச் சுருக்கிச் சிறிதாக்க வேண்டும். முழுமைக் கால்பந்து என்று உலகம் அதனைப் பாராட்டியது. 1971, 1972, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பை அயாக்ஸுக்கே கிடைத்தது.

இங்கே குரைஃப் கூறும் கணக்கு ஒன்றை மாணவர்கள் கருத வேண்டும். 90 நிமிட ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இருக்கும் நேரம் சராசரியாக 3 நிமிடம். எஞ்சிய 87 நிமிடங்களில் அவன் எங்கே நிற்கிறான், எதைப் பார்க்கிறான், யாருக்கு வழிவிடுகிறான் என்பதே அவன் நல்ல ஆட்டக்காரனா அல்லனா என்பதைக் காட்டும் என்பார் அவர். காண்போர் கைதட்டுவது அந்த 3 நிமிடங்களுக்கு. ஆட்டம் தீர்மானிக்கப்படுவது அந்த 87 நிமிடங்களில். தேர்வு மண்டபத்தில் நீங்கள் இருப்பது மூன்று மணி நேரம். உங்களைத் தேர்ச்சி பெறச் செய்வது ஆண்டின் எஞ்சிய நாள்கள் அல்லவா?

அவர் வற்புறுத்திய மற்றொன்று எளிமை. எளிமையாக ஆடுவதே அழகு, ஆனால் எளிமையாக ஆடுவதே எல்லாவற்றினும் கடினம் என்பது அவர் கொள்கை. 1982ஆம் ஆண்டு டிசம்பரில் அயாக்ஸ் அணிக்குத் தண்ட உதை ஒன்று கிடைத்தது. கோல் நோக்கி உதைப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். குரைஃப் பந்தைப் பக்கத்தில் மெல்லத் தட்டிவிட்டார். ஓடிவந்த தோழர் யெஸ்பர் ஓல்சன் அதை மீண்டும் அவருக்கே தள்ளினார். ஏமாந்து நின்ற கோல் காப்பாளரைக் கடந்து, வெறும் வலைக்குள் பந்து சென்றது. விதியில் அதற்குத் தடையே இல்லை. எல்லோர் கண்ணெதிரிலும் இருந்த வழியை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

வெற்றியே வாழ்க்கை அன்று என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1974ஆம் ஆண்டு மியூனிக் நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், மேற்கு ஜெர்மானியர் ஒருவரும் பந்தைத் தொடும் முன்பே ஹாலந்து அணி தண்ட உதையால் ஒரு கோல் போட்டது. ஆயினும் 2-1 என்ற கணக்கில் தோற்றது. எளிதில் கிடைத்த முதல் கோலே அசட்டையை வளர்த்தது என்பர் பலர். எனினும், வென்றவர் ஆட்டத்திற்குக் குறையாமல் தோற்றவர் ஆட்டத்தையும் உலகம் நினைவில் வைத்திருக்கிறதே என்று பின்னாளில் குரைஃப் ஆறுதல் கொண்டார். பயனில்லாத அழகும் வேண்டா, அழகில்லாத பயனும் வேண்டா என்பதே அவர் நிலை.

1984ஆம் ஆண்டு, 37ஆம் வயதில், ஆடுவதை நிறுத்திக்கொண்டார். மறு ஆண்டே அயாக்ஸ் அணியை நடத்தும் பொறுப்பு வந்தது. அவரோ பயிற்சியாளருக்குரிய பட்டம் பெறாதவர். ஆகவே தொழில்நுட்ப இயக்குநர் என்னும் பெயரால் அப்பணியை ஏற்றார். ஆசிரியப் பயிற்சி பெற்ற பின்னரே வகுப்பறைக்குள் கால் வைத்தவன் நான். பயிற்சியைப் பழிக்க மாட்டேன். ஆனால் பட்டம் தருவது அனுமதி. கற்பிக்கும் ஆற்றலை ஒருவன் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்பதை நாற்பதாண்டு அனுபவத்தில் நானும் கண்டிருக்கிறேன்.

1988இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாக் கழகத்தின் பயிற்சியாளரானார். அக்கழகம் 1979 முதல் ஒரு பழைய பண்ணை வீட்டில் இளைஞர்களைத் தங்கவைத்துப் பழக்கி வந்தது. சிறுவர் அணி முதல் முதல் அணி வரை எல்லோரும் ஒரே முறையில் ஆடக் கற்க வேண்டும் என்று குரைஃப் வகுத்தார். உயரமும் பருமனும் பார்த்து ஆள் எடுப்பதை அவர் விரும்பவில்லை. பெப் குவார்டியோலா என்ற மெலிந்த இளைஞர், விரைந்து ஓடுபவரும் அல்லர், வலியவரும் அல்லர். ஆனால் பந்து காலுக்கு வரும் முன்பே அடுத்து அனுப்ப வேண்டிய இடத்தை அறிந்திருந்தார். 1990ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதிலேயே, முதல் அணியின் நடுவிடத்தை அவருக்குத் தந்தார் குரைஃப். அந்த இளைஞரே 2008இல் அக்கழகத்தின் பயிற்சியாளராகி, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்தார். இன்ன செயலுக்கு இன்னவன் தக்கவன் என்று ஆராய்ந்து அமர்த்துவதற்கென்றே வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். அக்கலையைக் கால்பந்துக் களத்தில் காண்பது மகிழ்ச்சி தருகிறது.

1992ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் நகரின் வெம்பிளி அரங்கில் இறுதி ஆட்டம். அதற்கு முன் இருமுறை இறுதிவரை வந்து ஐரோப்பியக் கோப்பையை இழந்திருந்தது பார்சிலோனா. அந்த அச்சம் அணியின் நெஞ்சில் இருந்தது. குரைஃப் தம் வீரர்களிடம் நீண்ட அறிவுரை கூறவில்லை. சென்று மகிழ்ந்து ஆடுங்கள் என்ற பொருள்படச் சில சொற்களே சொன்னார். கூடுதல் நேரத்தில் ரொனால்ட் கூமன் உதைத்த பந்தால் கோப்பை கிடைத்தது. 1991 முதல் 1994 வரை ஸ்பெயின் நாட்டுச் சாம்பியன் பட்டமும் தொடர்ந்து நான்கு முறை வந்தது. பின்னர்ச் சரிவும் வந்தது. 1994ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் மிலான் அணியிடம் 4-0 என்று தோற்றனர். 1996இல் கழகம் அவரை விலக்கியது. அதன்பின் அவர் எந்தக் கழகத்திற்கும் பயிற்சியாளராகவில்லை.

இனி நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெம்பிளி வெற்றிக்குப் பதினைந்து மாதங்களுக்கு முன், 1991ஆம் ஆண்டு பிப்ரவரியில், குரைஃபின் இதயத்தில் அறுவை மருத்துவம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 43. இளமை முதலே அவர் சிகரெட்டுப் புகைப்பவர். பயிற்சியாளர் இருக்கையிலும் கையில் சிகரெட்டு இருக்கும். தந்தையைக் கொண்டு சென்றதும் இதய நோயே என்பதை முன்னரே கண்டோம்.

இதயம் உடல் முழுதுக்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதற்கே இரத்தம் ஊட்டும் குழாய்கள் தனியே உள்ளன. புகையிலைப் புகை அக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழி முற்றும் அடைபட்டால் இதயத் தசை மடியும். மருத்துவர்கள் உடலின் வேறிடத்திலிருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைப்பார்கள். குரைஃபுக்கு அவ்வாறு இரண்டு வழிகள் அமைத்தனர்.

களத்தில் நிற்கும் 22 பேரும் அடுத்த நொடியில் எங்கே இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே கண்டவர் அவர். அத்தகைய பார்வை உடையவர், தம் சட்டைப்பையில் இருந்த பகையை ஏன் காணவில்லை? அறியாமை என்று சொல்ல முடியாது. புகையிலையின் தீமை அவர் ஆடத் தொடங்கிய காலத்திலேயே மருத்துவ உலகம் அறிந்து சொன்னதுதான். எனக்குத் தோன்றும் விடை இது. ஆட்டத்தில் ஒவ்வொரு நொடியும் புதிதாக எண்ணி முடிவு செய்ய வேண்டும். பழக்கத்தில் முடிவு செய்வதற்கே இடமில்லை. கை தானாகவே பையை நாடும். அவர் வாழ்க்கையில் தலை கலந்துகொள்ளாத ஆட்டம் அது ஒன்றே. அதுவே அவரைத் தோல்வியின் விளிம்புக்குக் கொண்டு சென்றது. வலிமையுள்ள உடலும் அவரை ஏமாற்றியது. கெடுதல் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தாலும், ஓட முடிகிறவனுக்கு அது தெரிவதில்லை.

மருத்துவமனையிலிருந்து மீண்டவர் புகைப்பதை அடியோடு விட்டார். ஆட்டத்தின்போது சிகரெட்டுக்குப் பதிலாகக் குச்சி மிட்டாய் சுவைத்துக்கொண்டிருப்பார். உலகப் புகழ் பெற்றவர் குழந்தையைப் போல மிட்டாய் சுவைப்பதா என்று அவர் நாணவில்லை. கட்டலோனியா அரசின் சுகாதாரத் துறைக்காக ஒரு விளம்பரப் படத்திலும் தோன்றினார். சிகரெட்டுப் பெட்டியைப் பந்தைப் போலக் காலாலும் முழங்காலாலும் தட்டி ஆடிவிட்டு, முடிவில் அதை ஓங்கி உதைத்துவிடுகிறார். கால்பந்து தமக்கு எல்லாவற்றையும் கொடுத்தது, புகையிலை அவை எல்லாவற்றையும் பறித்துக்கொள்ளப் பார்த்தது என்பது அவர் அதில் சொன்ன செய்தி. தம் குறையை ஊரறியச் சொல்லி, அதைப் பிறர்க்குப் பாடமாக்கினார். கோப்பைகளைக் காட்டிலும் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பயிற்சிப் பணி முடிந்த பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1997இல் தம் பெயரால் ஓர் அறநிறுவனம் தொடங்கினார். உடற்குறையுள்ள குழந்தைகள் விளையாட வழிசெய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. வீடுகள் நெருங்கிய பகுதிகளில் சிறுசிறு ஆடுகளங்களையும் அது அமைத்தது. அவர் அணிந்த சட்டையின் எண் 14. அக்களங்களில் விளையாடுவோர்க்கு அவர் வகுத்த விதிகளும் 14. குழு உணர்வு, பொறுப்பு, மரியாதை என்பன அவற்றுள் சில.

2015ஆம் ஆண்டு அக்டோபரில் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டிருப்பது தெரியவந்தது. அவர் புகைப்பதை விட்டு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதனைக் கேட்டு, விட்டும் பயனில்லையே என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. புகைப்பதை நிறுத்திய ஓராண்டிலேயே, அப்பழக்கத்தால் கூடியிருந்த இதய நோய் அபாயம் பாதியளவு குறைகிறது என்பது மருத்துவர் கண்ட உண்மை. நுரையீரல் புற்றுநோயின் அபாயமும் ஆண்டுதோறும் தணிகிறது. ஆனால் அறவே நீங்குவதில்லை. புகையாதவர்க்கும் அந்நோய் வருவதுண்டு. ஆகவே ஒருவருடைய நோய்க்கு இதுவே காரணம் என்று வெளியிலிருந்து நாம் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. விட்டதனால் அவர் பெற்றது இருபத்தைந்து ஆண்டு வாழ்க்கை. வெம்பிளியும், குழந்தைகளின் ஆடுகளங்களும் அந்த ஆண்டுகளில் விளைந்தவையே.

2016 பிப்ரவரியில், முதற்பாதியில் தாம் 2-0 என்று முன்னணியில் இருப்பதாகத் தோன்றுகிறது, ஆட்டம் இன்னும் முடியவில்லை என்ற கருத்தில் அவர் ஒரு செய்தி வெளியிட்டார். மார்ச்சு 24ஆம் நாள் பார்சிலோனாவில் காலமானார். அப்போது வயது 68. நம்பிக்கை பொய்த்ததே என்று சிலர் கூறலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. 1974ஆம் ஆண்டு ஆட்டத்தைப் போலவே இதிலும் எண்ணிக்கை அவருக்கு எதிராக முடிந்தது. அவர் ஆடிய முறையில் குறையில்லை. மறுநாள் ஹாலந்தும் பிரான்சும் மோதிய ஆட்டத்தில் 14ஆம் நிமிடத்தில் ஆட்டம் நின்றது. அரங்கம் முழுதும் எழுந்து நின்று கைதட்டி அவருக்கு விடை கொடுத்தது.

மாணவர்களே, குரைஃபைப் போல் ஆடும் ஆற்றல் நம்மில் பலர்க்கு வாய்க்காது. அவரைப் போல் எண்ணிப் பார்ப்பது எவர்க்கும் இயலும். தீய பழக்கங்களுள் பெரும்பாலானவை உங்கள் வயதிலேதான் தொடங்குகின்றன. முதல் சிகரெட்டை நீட்டுகிறவன் பகைவனாக வருவதில்லை, தோழனாகவே வருகிறான். அந்த ஒரு நொடியில் தலையால் ஆடுங்கள். வேண்டா என்று சொல்வது எளிய ஆட்டம். எளிய ஆட்டமே கடினமானது என்று அவர் சொன்னதையும் அப்போது நினைவில் கொள்ளுங்கள்.