நத்தை ஓட்டில் குடித்தனம் நடத்தும் மீன்



போன கோடையில் ஒரு விவசாயி தன் கிணற்றுத் தண்ணீரின் ஆய்வுச் சீட்டோடு என்னைப் பார்க்க வந்தார். சொட்டுநீர்க் குழாயெல்லாம் சுண்ணாம்பு படிந்து அடைத்துக் கொள்கிறது. வெந்நீர்ப் பானையில் வெள்ளையாகக் காரை கட்டுகிறது. இது போதாதென்று, மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கிவிட்ட நியான் மீன்கள் ஒரே வாரத்தில் செத்துப் போயின. "இந்தத் தண்ணியில எதுதான் சார் உசிரோட இருக்கும்?" என்று கேட்டார். சீட்டைப் பார்த்தேன். பி.எச். என்கிற கார அமில நிலை 8.4. ஈ.சி. என்று நாம் சொல்கிற உப்பு அளவு 0.9. "இதற்கென்றே பிறந்த மீன் ஒன்று இருக்கிறதே" என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். அதனால்தான் இன்றைக்கு அதைப் பற்றிப் பேச வந்தேன்.

ஆப்பிரிக்காவில் தங்கனிக்கா என்று ஒரு ஏரி இருக்கிறது. நம் ஊர் ஏரி மாதிரி நினைத்துவிடாதீர்கள். நீளம் 650 கிலோமீட்டருக்கு மேல். ஆழமான இடத்தில் ஏறத்தாழ 1,470 மீட்டர். தான்சானியா, காங்கோ, புருண்டி, சாம்பியா என்று நாலு நாடுகள் அதைச் சுற்றி இருக்கின்றன. அந்தத் தண்ணீரின் பி.எச். சுமார் 9; ஈ.சி. 0.6-லிருந்து 0.7 வரை. அதாவது காரத்தன்மை உண்டு, ஆனால் உவர்ப்பு இல்லை. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். சுண்ணாம்புத் தண்ணீர் வேறு, உப்புக் கரிக்கும் தண்ணீர் வேறு. உங்கள் சீட்டில் ஈ.சி. 2-க்கு மேல் இருந்தால் இந்த மீன் வேண்டாம்.

அந்த ஏரியின் அடியில் நத்தைகள் செத்து, அவற்றின் ஓடுகள் பாய் விரித்தாற்போல் கிடக்கின்றன. அந்த ஓடுகளைத்தான் இந்த மீன்கள் வீடாக வைத்துக் கொள்கின்றன. இதில் பல சாதி உண்டு. முதன்முதல் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது மல்டிஃபேசியேட்டஸ். கடைக்காரர்கள் சுருக்கமாக "மல்டி" என்பார்கள். ஆண் மீன் ஒன்றே முக்கால் அங்குலம், பெண் ஒன்றேகால் அங்குலம், அவ்வளவுதான். உடம்பெல்லாம் கோடு கோடாக இருக்கும். நம் குளத்து ஜிலேபிக் கெண்டையும் இதுவும் ஒரே குடும்பம் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை.

சரி, தொட்டிக்கு வருவோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். ஐம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். மணலும் சேர்ந்தால் 60, 70 கிலோ கனம் வந்துவிடும். ஆகையால் ஆடுகிற மேசையில் வைக்காதீர்கள். வெயில் நேராக விழாத, வீட்டின் குளுமையான மூலையில் வையுங்கள். தண்ணீரின் சூடு 24-லிருந்து 27 டிகிரி இருந்தால் நல்லது. நம் சித்திரை வெயிலில் இதைத் தாண்டும். அப்போது தகரக் கூரைக்கு அடியில் வைத்தவர் மீனைப் பறிகொடுப்பார்.

அடியில் இரண்டு அங்குலத்துக்கு நுண்மணல் போடுங்கள். கலங்கல் தெளிகிற வரை பத்துத் தடவையானாலும் அலசுங்கள். ஜல்லி உதவாது, இந்த மீன் வாயால் மணலை அள்ளி அள்ளிக் கொட்டி, ஓட்டை மண்ணில் புதைத்து வாசலை மட்டும் வெளியே வைக்கும். அதற்கு மணல்தான் வேண்டும்.

ஓட்டுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நம் வயல் நத்தை ஓடு அருமையாகப் பொருந்தும். நத்தைக்கறி சமைக்கிற ஊர்களில் குப்பையிலேயே கிடக்கும். ஆனால் பூச்சிமருந்து அடித்த வயலில் பொறுக்காதீர்கள். உள்ளே சதை துளி ஒட்டியிருந்தாலும் அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும். ஆகவே இருபது நிமிடம் கொதிக்க வைத்து, நன்றாகக் குலுக்கிக் கழுவி, வெயிலில் காய வைத்துப் போடுங்கள். வாசல் உடைந்து கூராக இருப்பதை ஒதுக்கிவிடுங்கள். ஒரு மீனுக்கு மூன்று ஓடு வீதம், ஆறு மீனுக்குப் பதினெட்டு. குறைத்தால் வரப்புத் தகராறு மாதிரி ஓயாத சண்டை!

காற்று மோட்டாரில் ஓடுகிற ஸ்பாஞ்சு வடிகட்டி ஒன்று போதும். பெரிய வடிகட்டி வைத்தால் குஞ்சுகளை உறிஞ்சிவிடும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். தொட்டி தயாரானதும் மீனை விட்டுவிடாதீர்கள். நானே இதில் அடிபட்டவன். பி.எஸ்ஸி. படித்தவன், ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று மூன்றாம் நாளே எட்டு மீனை விட்டேன். ஒரு வாரத்துக்குள் எட்டும் போயிற்று. வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். யூரியா போட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக்கி, பிறகு நைட்ரேட்டாக மாற்றுகின்றன இல்லையா? மீனின் கழிவும் தின்னாத தீனியும் அதே வழிதான் போகும். நடுவில் வருகிற அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். புதுத் தொட்டியில் அவற்றை மாற்றுகிற நுண்ணுயிர் கிடையாது. அதிலும் காரத்தன்மை உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் பல மடங்கு ஏறும். களர் நிலத்தில் மேலாக யூரியா தூவினால் காற்றில் போய்விடுகிறதே, அதே அம்மோனியா வாயுதான் இங்கே மீனின் செவுளைச் சுடுகிறது.

ஆகவே மீன் இல்லாமலே வடிகட்டியை ஓட்டி, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு நாலிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள். மீன் நன்றாக இருக்கும் பழைய தொட்டி அக்கம்பக்கத்தில் இருந்தால், அதன் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, சீக்கிரம் கூடிவரும். வண்ணமீன் கடைகளில் சோதனை மருந்து கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யம் காட்டினால்தான் மீன்.

மீன் வாங்கும்போது ஆறு குஞ்சாக வாங்குங்கள். இளசில் ஆண் பெண் அடையாளம் தெரியாது. ஆறில் இரண்டும் கலந்து வரும். பையைத் தொட்டியில் அரைமணி மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பிறகு விடுங்கள். தீனி பொடியாக இருக்கட்டும். ஆர்ட்டீமியா குஞ்சு கொடுத்தால் நன்றாகத் தேறும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுதான். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரானால் ஒருநாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் தண்ணீரில் அலசினால் நுண்ணுயிரெல்லாம் செத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பெண் மீன் ஓட்டுக்குள்ளே முட்டை வைக்கும். ஒருநாள் வாசலில் எள்ளுப் போலக் குஞ்சுகள் எட்டிப் பார்க்கும். தாய் தின்னாது. வளர்ந்த குஞ்சுகளும் கூடவே இருக்கும். கூட்டுக் குடும்பம்தான்!

விற்கலாமா என்று கேட்பீர்கள். சென்னை கொளத்தூர் போல வண்ணமீன் வியாபாரம் நடக்கிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு ஈற்றில் இதற்குக் குஞ்சு குறைவு, வளர்ச்சியும் மெதுவு. கடன் வாங்கிப் பத்துத் தொட்டி வைக்கிற வேலை வேண்டாம். ஒரு தொட்டியை ஒரு வருஷம் நடத்திப் பாருங்கள். எந்தக் கடைக்காரர் எவ்வளவுக்கு எடுப்பார் என்று முன்னதாகவே கேட்டுக் கொண்டு, பிறகு இரண்டாவது தொட்டியை நினையுங்கள்.

மிஞ்சிய மீனைக் கிணற்றிலோ குளத்திலோ விடவே கூடாது. ஜிலேபி நம் குளங்களில் புகுந்து என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

அந்த விவசாயியின் மகள் இப்போது குஞ்சுகளை எண்ணி நோட்டில் எழுதி வருகிறாள். பிடிக்கும்போது ஓட்டை வெளியே எடுத்து உலுக்குகிறாளாம். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தண்ணீருக்குள்ளேயே ஓட்டோடு பைக்குள் எடுத்தால் போதும், மீனும் கூடவே வந்துவிடும்.