தராசுக்குத் தெரியாத பெயர்

இந்த எபிசோடில் பழைய சாமான் பற்றிப் பேசப்போறேன். ஆன்டிக் இல்ல, நம்ம வீட்டுப் பரணில் கிடக்கிற சாமான்.

பிரான்ஸ் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் 'வீட் கிரெனியே' என்று ஒரு சந்தை கூடும். நேர் அர்த்தம், 'பரணைக் காலி பண்ணு'. வீட்டில் கிடந்த தட்டு, விளக்கு, பொம்மை எல்லாத்தையும் தெருவில் மேசை போட்டு வைப்பார்கள். வியாபாரி அல்லாத ஒருவர் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் இப்படி விற்கலாம். அதுக்குச் சட்டமே இருக்கு. வாங்க வருகிறவர், அந்தப் பொருளை இத்தனை நாள் வைத்திருந்தவரிடமே கேட்கலாம்: இது யாரோடது, எதுக்கு வச்சிருந்தீங்க?

திருநெல்வேலியிலும் பரண் இருக்கு, பழசும் இருக்கு. ஆனா பழைய பித்தளை அண்டா டவுனில் ரத வீதிப் பக்கம் ஏதாவது ஒரு பாத்திரக் கடைக்குப் போகும். தராசில் ஏறும். எடைக்கு ஒரு விலை போட்டுக் கழித்துக்கொண்டு புது எவர்சில்வர் தருவார்கள். பழசு உருக்கப் போயிடும். கடைக்காரரைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, அவர் வாங்குவது உலோகம். நாம என்ன விற்கிறோம்னு நாமதான் பார்க்கணும்.

எங்க ஆச்சி வீட்டு வெண்கலப் பானையின் கழுத்தில், புள்ளி புள்ளியாக அவங்க அம்மாவின் பெயர் வெட்டியிருக்கு. சீராக வந்த பானை. அந்தப் பெயர் பட்டாவில் இல்லை, பத்திரத்தில் இல்லை. போட்டோகூட ஒண்ணும் இல்லை. அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதற்கு எங்களிடம் எழுத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பானைதான். என் வேலை பாஷையில் சொன்னால், பேக்கப் இல்லாத டேட்டா.

இந்த இழப்பு நம்ம சீமைக்குப் புதுசு இல்ல. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனார். கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாச்சு என்று சொன்னார்கள். பழுதான ஏட்டை அப்படித்தான் கழிக்கணும்னு அவர்கள் நம்பினார்கள். கெட்ட எண்ணம் இல்லை. அதே மனுஷர் தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரிக் கவிராயர்கள் வீடுகளிலும் தேடினார். அங்கே பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது. 1889-ல் நூல் அச்சில் வந்தது. ரெண்டு இடத்திலும் பழசுதான். ஒரு இடத்தில் கேட்க ஆள் வரும்வரை அது இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொருளைப் பொருளாகவே விற்கிற இடம் வேணும்னா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்க. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம், தேக்குக் கதவு எல்லாம் கிடைக்கும். ஆனா அங்கேயும் யார் வீட்டுத் தட்டு என்பது பெரும்பாலும் தெரியாது. பங்கு பிரிக்கும்போதே அந்தக் கதை கழன்றுவிடுகிறது.

பழசு வாங்கப் போகிறவர்களுக்கு நாலு விஷயம். ஒண்ணு, சின்னக் காந்தம் கொண்டு போங்க. பித்தளை, செம்பு, வெண்கலம் எதிலும் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு. ரெண்டு, தட்டிப் பாருங்க. நல்ல வெண்கலம் கணீர்னு நின்று ஒலிக்கும், விரிசல் விட்டிருந்தால் சத்தம் செத்துப்போகும். மூணு, பித்தளையில் ஈயப் பூச்சு தேய்ந்திருந்தால் பூசாமல் புளி, தயிர் வைக்காதீங்க. நாலு, 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம். நூறு வருஷம் தாண்டிய சிலை, ஓவியம், கைவினைப் பொருள் மாதிரியானவை தொல்பொருள் கணக்கில் வரும். சுவடிக்கு எழுபத்தைந்து வருஷம் போதும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சாமி சிலையை யாராவது மலிவாக நீட்டினால், அது எந்தக் கோயிலுடையது என்று முதலில் யோசிங்க.

விற்காதீங்கன்னு நான் சொல்ல வரல. ரெண்டு பெட்ரூம் பிளாட்டில் அண்டாவை எங்கே வைக்க? கொடுப்பதற்கு முன்னாடி அதில் வெட்டியிருக்கிற பெயரை ஒரு போட்டோ எடுங்க. வீட்டில் மூத்தவங்ககிட்ட, "இது யாரு?" என்று கேட்டு, அவங்க சொல்வதை போனில் பதிவு பண்ணி வையுங்க. அதைச் சொல்லத் தெரிந்தவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். வாரேன்.