அறிவித்தல் ஒட்டுவதற்கு முன்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிருவாகம் பற்றிப் பேசுமாறு சங்கத்தினர் கேட்டார்கள். நான் செய்த ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன், தோட்டப்புறத்துச் சிறிய வைத்தியசாலை ஒன்றில் நீரிழிவு கிளினிக்கின் பொறுப்பை ஏற்றேன். காலை ஆறு மணிக்கே வாசலில் கூட்டம் நிற்கும். சிற்றூழியராக இருந்த ஓர் அக்கா, வரிசையிலிருந்து சிலரை மட்டும் முன்னால் அழைத்து விடுவார். வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுகிறார் என்றே நினைத்தேன். இலக்கச் சீட்டு அடித்து, “இலக்கப்படி மட்டுமே அனுமதி” என்று அறிவித்தல் ஒட்டினேன். கடதாசியில் எல்லாம் நேர்த்தியாக இருந்தது.

மூன்றாவது கிளினிக் நாளன்று ஒரு வயோதிப அம்மா வரிசையிலேயே மயங்கி விழுந்தார். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பதற்காக முதல்நாள் இரவு மாத்திரை போட்டதோடு வந்தவர். இரத்தத்தில் சீனி மிகவும் குறைந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார்.

“தூரத்திலிருந்து சாப்பிடாமல் வருகிறவர்களைத்தான் நான் முதலில் விட்டேன், டொக்டர்” என்றார் அந்த அக்கா. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லத்தான் வந்தேன். நீங்கள் அறிவித்தலை ஒட்டிக்கொண்டு நின்றீர்கள்” என்றார்.

அடுத்த கிளினிக் நாளில் ஐந்தரை மணிக்கே போய் அவருடன் நின்றேன். முதல் பஸ்ஸில் வருகிறவர் யார், நேரத்தோடு திரும்பி அரைப் பேராவது போட்டுக்கொள்ளத் தவிப்பவர் யார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தக் கடமைப் பட்டியலிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. இருவருமாகப் புதிய ஒழுங்கு செய்தோம். சாப்பிடாமல் வருகிறவர்களுக்கு வேறு நிறச் சீட்டு. முதலில் இரத்தம், உடனே சாப்பாடு. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததால் முணுமுணுப்பும் நின்றது.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டில் பணிப்பாளர் வைத்தியர் விமல் கரந்தகொட ஜப்பானிய ‘ஐந்து எஸ்’ முறையை ஆரம்பித்தார். வேண்டாததை அகற்றல், இருப்பதை ஒழுங்காக வைத்தல், துப்புரவாக்கல், அதை நியமமாக்கல், விடாமல் பேணல் என்பவையே அந்த ஐந்தும். ஒவ்வொரு பிரிவிலும் வைத்தியர், தாதியர், சிற்றூழியர் எல்லோரும் சேர்ந்த குழுக்கள் தங்கள் இடத்தைத் தாங்களே திருத்தின. பின்னர் ஜப்பானின் உதவியோடு தான்சானியா, உகண்டா போன்ற ஆபிரிக்க நாடுகளின் சுகாதாரத் துறையினர் அந்த வைத்தியசாலையைப் பார்த்துக் கற்க வந்தார்கள்.

மாசி மகத்துக்கு நம் முத்துமாரியம்மன் பஞ்சரத பவனியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சந்தியில் தேரைத் திருப்புவது சக்கரத்தடியில் குனிந்து கட்டை போடுகிறவர். அவரைக் கேட்காமல் தேரை நடத்த முடியாது.

இங்கிருக்கும் உங்களில் பலர் பாடசாலைகளையும் வங்கிகளையும் அலுவலகங்களையும் நடத்துகிறீர்கள். சிலர் கடல் கடந்தும். நாளை புதிய பதவியை ஏற்கும் தங்கைமார்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அறிவித்தலை எழுதுங்கள், தவறில்லை. ஒட்டுவதற்கு முன் ஒரு காலைப்பொழுது வாசலில் போய் நில்லுங்கள்.