கையுறை அணிந்த கை

(திருச்செங்கோட்டில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று பேசவேண்டிய கூட்டத்தில் ஆஸ்பத்திரிச் சங்கதியை எடுக்கிறானே என்று தாங்கள் எண்ணக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்மாமனுக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. மறுநாள் காலை செவிலியர் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குப் புண் துடைத்துக் கொண்டிருந்தார். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாயிற்று. "அம்மா, கையோடு கையாக எங்கள் மாமனையும் பார்த்துவிடுங்கள்" என்றேன். அவர் பதில் பேசாமல் கையுறைகளைக் கழற்றிப் போட்டார். சோப்பிட்டுக் கை கழுவினார். புது ஜோடி அணிந்துகொண்டு வந்தார். ஒரு கட்டுக்கு ஒரு ஜோடியா என்று நான் முணுமுணுத்தேன். மாமனோ வேறு விதமாக வருந்தினார். "ஏங்கண்ணு, என்னைத் தொடக் கூச்சமா இருக்குதா?" என்று கேட்டே விட்டார். தொட்டால் தீட்டு என்ற காலத்தைக் கண்ட தலைமுறை அல்லவா!

"கூச்சமில்லீங்கய்யா. அந்தக் கட்டில்காரருக்குப் புண் சீழ் பிடிச்சிருக்குது. அது உங்களுக்கு வரவேண்டாமுன்னுதான்" என்றார் அந்த அம்மையார்.

படித்தவன் நான், நான் கேட்டது எத்தகைய உதவி என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

இந்தக் கையுறை அறுவைக் கூடத்துக்கு வந்ததே ஒரு செவிலியரால்தான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்பவர் அறுவைக் கூடத்துத் தலைமைச் செவிலியர். கிருமி கொல்லும் பாதரசக் கரைசல் பட்டு அவருடைய கைகள் வெந்து புண்ணாயின. 1889-90 குளிர்காலத்தில் டாக்டர் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி அவருக்காக மெல்லிய கையுறை செய்வித்தார். (அவ்வாண்டே இருவரும் மணம் செய்துகொண்டது தனிக்கதை.) செவிலியரின் கையைக் காக்க வந்த பொருள் அது. மருத்துவர்களும் அணியத் தொடங்கிய பிறகு நோயாளிகளின் அறுவைப் புண்கள் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்தது. ஆக, அது இரு பக்கமும் காக்கும் வேலி. நோயாளியின் இரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமியோ எச்.ஐ.வி. கிருமியோ இருந்தால் செவிலியரை அடையாமல் தடுக்கும். செவிலியரின் கையில் உள்ளது நோயாளியின் புண்ணை அடையாமலும் தடுக்கும். ஆனால் மாற்றாத கையுறை கழுவாத கையைவிட எவ்விதத்திலும் மேலானதன்று. கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் அதில் இருக்கக்கூடும். ஆதலால் அணியுமுன்னும் கழற்றியபின்னும் கை கழுவியே தீரவேண்டும்.

நம் நாமக்கல் மாவட்டத்தாருக்கு இதை விளக்குவது எளிது. கோழிப் பண்ணைக்குள் நுழையுமுன் மருந்து நீரில் காலை நனைக்கிறோம். அடுத்த பண்ணையிலிருந்து வருகிறவரை அப்படியே உள்ளே விடுவதில்லை. கோழிக்குச் செய்யும் காவலை மாமனுக்குச் செய்ய நான் தவறினேன்!

அங்கி விஷயமும் நமக்கு அந்நியமன்று. நம் ஊர்த் தறியில் நெய்யும் சாதாரணத் துணி நனைந்தால் இரத்தம் ஊடுருவும். அதன் வழியே கிருமியும் நுழையும். 2020-ல் கொரோனா பரவியபோது முழு உடற்கவசத்துக்கு நாடு தவித்தது. அதற்குமுன் இங்கே அவை தயாரானது மிகச் சொற்பம். அப்போது கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தார் துணியின்மேல் செயற்கை இரத்தத்தை அழுத்தத்துடன் செலுத்தி, மறுபக்கம் கசிகிறதா என்று சோதித்தே சான்று அளித்தார்கள். சில மாதங்களில் நாட்டில் நாள்தோறும் லட்சக்கணக்கில் தயாராயின.

அணிவதைவிடக் கழற்றுவதே கடினமான வித்தை. வெளிப்புறம் தோலில் படாதபடி கையுறையை உள்வெளியாகப் புரட்டி முதலில் கழற்றவேண்டும், பிறகு கண்ணாடி, அங்கி, முகக்கவசம் கடைசியில். செவிலியர் இதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தாமதம் என்று ஊராட்சியில் புகார் எழுதிக் கொண்டு வராதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களும் ஒரு லாரி நிறைய ஆளாகப் போய்க் கட்டிலில் உட்காரவோ, கட்டை விலக்கிப் பார்க்கவோ வேண்டாம்.

இனி நம் பொறுப்பில் உள்ள காரியம். மருத்துவக் கழிவு பற்றிய 2016-ம் ஆண்டு விதிகளின்படி கழித்த கையுறை சிவப்புப் பையிலும், இரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சள் பையிலும், ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும் சேரவேண்டும். ஆஸ்பத்திரியில் இது நடக்கிறது. வீட்டுக்குத் திரும்பிய நோயாளியின் கட்டுத்துணியும், சர்க்கரை நோயாளியின் ஊசியும் எங்கே போகின்றன? நம் ஊர்க் குப்பையில்தான். அதை நம் தூய்மைக் காவலர்கள் பல இடங்களில் வெறுங்கையால் பிரிக்கிறார்கள். அறுவைக் கூடத்துச் செவிலியருக்கு உள்ள அதே ஆபத்து அவர்களுக்கும் உண்டு, கையுறைதான் இல்லை.

தடித்த ரப்பர் கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்து, மஞ்சள் காமாலை-பி தடுப்பூசி மூன்று தவணையும் அவர்களுக்குப் போடுவிக்க ஏற்பாடு செய்யும் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக இருக்கிறது. தலைவர் அவர்கள் அனுமதித்தால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம்.