வளரும் என்பும் வெற்றி வேட்கையும்

பிள்ளைக்கு விளையாட்டு வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இல்லை. ஓடியும் தாவியும் எறிந்தும் பிடித்தும் வளரும் உடலே உரம் பெறுகின்றது. வெற்றியையும் தோல்வியையும் ஒருங்கே கற்கும் உள்ளமே பண்படுகின்றது. ஐக்கிய நாடுகள் சபை 1989ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமைகளாகக் கூறுகின்றது. இலங்கை அச்சமவாயத்தை 1991ஆம் ஆண்டில் ஏற்றுறுதி செய்தது. அவ்வுறுப்புரையில் ஓய்வு முதலிலும் விளையாட்டு அதன் பின்னும் வைக்கப்பட்டுள்ளன. போட்டிகள் பெருகிய இக்காலத்தில் பெரிதும் மறக்கப்படுவது முதலில் வைக்கப்பட்டதேயாகும்.

மாலைப் பொழுதிலே வெறுங்காலோடு தாமே அணி பிரித்து விளையாடும் சிறுவர் களைத்தால் நிறுத்துவர். கால் வலித்தால் மரநிழலில் அமர்வர். அவர்களை அதட்டுவார் இல்லை. பயிற்றுநரும் போட்டி அட்டவணையும் கேடயமும் பார்வையாளரும் வந்து சேர்ந்த இடத்திலோ, எப்போது நிறுத்துவது என்னும் முடிவு பிள்ளையின் கையை விட்டுப் பெரியோர் கைக்கு மாறுகின்றது. முடிவு மாறிய அளவுக்குப் பொறுப்பு மாறவில்லை. இளம் வீரருக்கு நேரும் தீங்குகள் பலவற்றுக்கு வேர் இதுவே.

இதனை விளங்கிக்கொள்ள முதலில் பிள்ளையின் உடலை நோக்குதல் வேண்டும். பிள்ளை என்பவன் உருவிற் சிறுத்த பெரியவன் அல்லன். அவனுடைய நீண்ட என்புகளின் முனைகளுக்கு அருகே, குருத்தென்பாலான மெல்லிய தட்டு ஒன்று உண்டு. என்பு நீளுவது அத்தட்டிலேதான். ஆதலால் மருத்துவர் அதனை வளர்ச்சித் தட்டு என்பர். பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 13 முதல் 15 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு 15 முதல் 17 வயதிலும் அத்தட்டுகளிற் பெரும்பாலானவை இறுகி என்பாகிவிடுகின்றன. அதற்கு முன்னர், மூட்டைப் பிணித்து நிற்கும் நார்களைக் காட்டிலும் அத்தட்டே வலிமை குன்றியது. பெரியவர் ஒருவர் கால் இடறி விழுந்தால் நார் சுளுக்கிக்கொள்ளும். அதே விழுகையிற் சிறுவன் ஒருவனுக்கு வளர்ச்சித் தட்டே விலகிவிடக்கூடும். பிள்ளைகளுக்கு நேரும் என்பு முறிவுகளில் ஏறக்குறைய 15 முதல் 30 சதவீதம் இத்தட்டைச் சார்ந்தவை. கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த சோல்ற்றர், ஹரிஸ் என்னும் இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள் 1963ஆம் ஆண்டில் இம்முறிவுகளை ஐந்து வகையாகப் பகுத்துக் காட்டினர். அப்பகுப்பு இன்றும் வைத்தியசாலைகளில் வழங்குகின்றது. அவற்றுட் சில கவனிக்கப்படாது போயின், கை அல்லது கால் கோணியோ குறுகியோ வளர நேரிடும். சிறுவனின் வீங்கிய மூட்டை வெறுஞ் சுளுக்கு என்று எண்ணெய் பூசிக் கட்டி, மறுநாளே ஆடுகளத்துக்கு அனுப்புவது தகாது என்பதன் காரணம் இதுவே.

விழுந்து முறிவது கண்ணுக்குத் தெரியும் தீங்கு. தெரியாத தீங்கு வேறொன்று உண்டு. அஃது ஒரே அசைவை ஓய்வின்றி மீண்டும் மீண்டும் செய்வதால் வருவது. முழங்காற் சில்லுக்குக் கீழே, தொடைத் தசையின் நார் வந்து பற்றும் இடத்தில், வளரும் பிள்ளைகளுக்கு வீக்கமும் நோவும் உண்டாவதை 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஒஸ்குட் என்பவரும், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் ஸ்லாற்றர் என்பவரும் தனித்தனியே விவரித்தனர். குதிகாலில் வரும் அத்தகைய நோவினை 1912ஆம் ஆண்டில் சேவர் என்னும் மருத்துவர் எழுதி வைத்தார். உதைபந்தாடும் சிறுவரும் ஓட்டப் பயிற்சி பெறும் சிறுமியரும் குதிகாலை ஊன்ற அஞ்சி நொண்டுவது பெரும்பாலும் இவற்றால்தான். இவை கொடிய நோய்கள் அல்ல. ஓட்டத்தைக் குறைத்து உரிய ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். ஆயின் அந்த ஓய்வைக் கொடுப்பார் வேண்டும்.

கிரிக்கெற் ஆட்டத்தில் வேகப் பந்துவீச்சாளரின் நிலை இதனிலும் கடியது. அவர் பந்தை விடும் வேளையில் ஊன்றும் முன்காலின்மேல் உடல் நிறையின் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசை தாக்குகின்றது. அதே கணத்தில் இடுப்புக்கு மேற்பட்ட உடல் ஒருபுறம் சாய்ந்து முறுகுகின்றது. அத்தாக்கம் முழுவதும் முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலுள்ள ஒடுங்கிய என்பு ஒன்றின்மேற் சென்று சேர்கின்றது. அவ்வென்பு முழு வலிமை பெறுவது இருபதாம் வயதைக் கடந்த பின்னரே. பதினைந்து வயதுச் சிறுவன் நாள்தோறும் பந்து வீசுங்கால், பந்து வீசும் கைக்கு எதிர்ப்புறத்தில் அவ்வென்பிலே நூலிழை போன்ற வெடிப்பு உண்டாகின்றது. முதலில் அது சிறு முதுகு நோவாகத் தோன்றும். சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் அது பல வேளைகளிற் புலப்படுவதும் இல்லை. ஆதலால் பையன் சோம்பலுக்குச் சாட்டுச் சொல்லுகின்றான் என்று கருதப்படுகின்றான்.

அவுஸ்திரேலியாவின் பற் கமின்ஸ் என்னும் வீரரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 2011ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 18 வயதில், ஜொகன்னஸ்பேர்க் நகரில் அவர் தமது முதலாவது ரெஸ்ற் போட்டியில் ஆடினார். இரண்டாவது இன்னிங்சில் 79 ஓட்டங்களுக்கு 6 விக்கெற்றுகளை வீழ்த்தினார். வெற்றி ஓட்டத்தையும் அவரே அடித்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே கிடைத்தது. அவர் ஆடிய இரண்டாவது ரெஸ்ற் போட்டி 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ராஞ்சியில் நடைபெற்றது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலம், முதுகென்பில் மீண்டும் மீண்டும் நேர்ந்த வெடிப்புகளாலும் பிற காயங்களாலும் கழிந்தது. தேர்ந்த மருத்துவரும் பொறுமையுள்ள நிருவாகமும் வாய்த்தமையால் அவர் மீண்டார். 2021ஆம் ஆண்டிலே தமது நாட்டு ரெஸ்ற் அணியின் தலைவராகவும் ஆனார். சிற்றூர்ப் பாடசாலை ஒன்றிலே பந்து வீசும் மாணவனுக்கு அத்தகைய வசதி ஏது? அவனது முதுகு உடைந்தால் அவன் பெயர் அடுத்த ஆண்டு அணிப் பட்டியலில் இராது, அவ்வளவே.

இத்தீங்கைத் தடுக்க அரிய மருந்து எதுவும் வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தாற் போதும். இங்கிலாந்தின் கிரிக்கெற் சபை வகுத்த நெறியின்படி, 13 வயதுக்குட்பட்ட வேகப் பந்துவீச்சாளர் ஒரே தொடர்ச்சியில் 5 ஓவர்களுக்கு மேலும், ஒரு நாளில் 10 ஓவர்களுக்கு மேலும் வீசுதல் ஆகாது. 15 வயதுக்குட்பட்டோருக்கு அவ்வெல்லை 6 ஓவர்களும் 12 ஓவர்களும் ஆகும். அமெரிக்காவிலே பேஸ்போல் ஆடும் சிறுவருக்கும் இதுபோன்ற விதி உண்டு. ஓயாது பந்தெறிவதால் சிறுவரின் முழங்கை என்பு பழுதடைவதை 1960ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எடுத்துக்காட்டி, அதற்கு ஒரு பெயரும் இட்டனர். எனினும் சிறுவர் பேஸ்போல் அமைப்பு, எறியும் பந்துகளை ஒவ்வொன்றாக எண்ணி எல்லை வகுத்தது 2007ஆம் ஆண்டிலேதான். அவ்விதியின்படி 11, 12 வயதுச் சிறுவன் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியலாகாது. நோய்க்குப் பெயரிட்டதற்கும் பந்தை எண்ணியதற்கும் இடையே 47 ஆண்டுகள் சென்றுவிட்டன.

விதி இருந்தும் அது தவறிப்போகும் வழி ஒன்று உண்டு. திறமையுள்ள பையன் ஓர் அணிக்கு மட்டும் ஆடுவதில்லை. பாடசாலைக்கு ஆடுவான், கழகத்துக்கு ஆடுவான், மாவட்டத் தெரிவுக்கும் செல்வான். ஒவ்வொரு பயிற்றுநரும் தாம் கொடுத்த ஓவர்களை மட்டுமே அறிவார். மூன்றையும் கூட்டிப் பார்ப்பவர் எவரும் இலர். இலங்கையிலே பாடசாலைக் கிரிக்கெற் மிகப் பெருமை வாய்ந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் போட்டி 1904ஆம் ஆண்டு தொட்டு வருவது. 1982ஆம் ஆண்டில் இலங்கை தனது முதலாவது ரெஸ்ற் போட்டியை ஆடியபோது, 18 வயது நிரம்பிய பாடசாலை மாணவராகிய அர்ஜுன ரணதுங்க அணியில் இடம்பெற்று அரைச்சதமும் பெற்றார். பாடசாலை மைதானமே நாட்டு அணிக்கு நாற்றுமேடையாக விளங்கும் தேசத்தில், ஒரு மாணவன் வாரமொன்றில் வீசிய பந்துகளை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது பயிற்றுநருக்கும் பெற்றோருக்கும் பெரிய சுமை ஆகாது.

என்பைப் போலவே உள்ளமும் முதிராத வயதிற் பாரம் தாங்க மாட்டாது. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில், சீருடற்பயிற்சிப் போட்டியில், 14 வயதுச் சிறுமியான உருமேனியாவின் நாடியா கொமனேச்சி முழுமையான பத்துப் புள்ளிகளைப் பெற்றார். ஒலிம்பிக் வரலாற்றில் அதற்கு முன் அப்போட்டியில் எவரும் பெறாத புள்ளி அது. புள்ளிப் பலகையிலே பத்து என்று காட்ட இடமின்றி ஒன்று என்றே காட்டினர். உலகம் வியந்தது. அவ்வியப்பின் பின்னே, சிறிய உடலே வெற்றிக்கு ஏற்றது என்னும் எண்ணம் நாடுதோறும் வேரூன்றியது. உணவைக் குறைத்தும் நோவை மறைத்தும் சிறுமியரைப் பழக்கும் முறை பரவியது. போதிய உணவின்றிக் கடும்பயிற்சி செய்யும் சிறுமிக்கு மாதவிலக்கு நின்று, என்பும் வலுவிழக்கும் என்பதை மருத்துவம் பின்னர் தெளிவாகக் காட்டியது.

1996ஆம் ஆண்டு அற்லாந்தா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் 18 வயது வீராங்கனை கெரி ஸ்ட்ரக், முதலாவது பாய்ச்சலிலேயே கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். நொண்டியவாறு நின்ற அவரை நோக்கி, முடியும் முடியும் என்று பயிற்றுநர் உரக்கக் கூவினார். ஸ்ட்ரக் மீண்டும் பாய்ந்து, ஒற்றைக் காலில் நின்று, பின் தரையிற் சாய்ந்தார். அணிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவரைத் தூக்கிச் சென்ற காட்சி வீரத்தின் சின்னமாகப் போற்றப்பட்டது. ஆனால் புள்ளிகளைக் கணக்கிட்டபோது, அந்த இரண்டாவது பாய்ச்சல் இல்லாமலே அமெரிக்கா வென்றிருக்கும் என்பது தெரிந்தது. 25 ஆண்டுகள் கழித்து, 2021இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக்கில், அதே நாட்டின் சிமோன் பைல்ஸ் வானிற் சுழலும்போது தம் உடல் நிற்கும் திசை தமக்கே தெரியாத நிலையை உணர்ந்து, போட்டியிலிருந்து தாமாகவே விலகினார். அப்போது அவருக்கு வயது 24. உலகப் புகழும் இருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

வராது என்பதைப் பிரித்தானியாவில் நடந்த விசாரணை ஒன்று காட்டிற்று. அந்நாட்டுச் சீருடற்பயிற்சித் துறையைப் பற்றி அன் வைற் என்னும் சட்டத்தரணி 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கைக்கு 400இற்கு மேற்பட்டோர் தம் அநுபவங்களை எழுதியனுப்பினர். காயத்தோடு ஆட வைத்தமை, நிறையைக் குறித்து இழித்துரைத்தமை, தண்ணீரும் ஓய்வும் மறுத்தமை ஆகியவை அவற்றில் இருந்தன. எழுதியோர் பலர் பிள்ளைப் பருவத்தில் வாய்திறவாதிருந்து, வளர்ந்த பின்னரே அவற்றைச் சொன்னவர்கள்.

பிள்ளையால் மறுக்க இயலாதபோது விதிதான் அவனுக்காக மறுத்தல் வேண்டும். சீருடற்பயிற்சியில் உலகப் போட்டிக்குரிய மிகக் குறைந்த வயது 1997ஆம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்டது. ரெனிஸ் ஆட்டத்தில் அமெரிக்கச் சிறுமி ஜெனிஃபர் கப்ரியாற்றி 14 வயது நிரம்புமுன்னே 1990ஆம் ஆண்டில் தொழின்முறை வீராங்கனையானார். 1992ஆம் ஆண்டில் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். 1993ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியில் மனம் சலித்து ஆட்டத்தை விட்டு ஒதுங்கினார். 1995ஆம் ஆண்டு முதல், பதின்பருவத்துச் சிறுமியர் ஓராண்டில் ஆடக்கூடிய போட்டிகளின் தொகைக்குப் பெண்கள் ரெனிஸ் சங்கம் எல்லை வகுத்தது. பனிச்சறுக்கு நடனத்திலும் மிகக் குறைந்த வயதை 15இலிருந்து 17 ஆக உயர்த்த 2022ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. தலையில் அடிபட்ட மாணவனை உடனே ஆட்டத்திலிருந்து நீக்கி, மருத்துவர் அனுமதித்த பின்னரே மீளச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் யாவும் சில ஆண்டுகளுள் அதனைப் பின்பற்றின. இவ்விதிகள் பலவும் ஒரு பிள்ளையின் துன்பத்துக்குப் பின்னரே எழுதப்பட்டன.

கட்டுப்பாடு வைத்தால் வீரர் தோன்றார் என்று அஞ்சுவோரும் உளர். அவர்களுக்கு நோர்வே நாடு விடையாக நிற்கின்றது. அங்கே 1987ஆம் ஆண்டு முதல் சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி விதிகள் உண்டு. 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதில்லை. 13 வயதுக்கு முன் தேசிய வாகைப் போட்டியும் இல்லை. ஏறக்குறைய 55 இலட்சம் மக்களே வாழும் அந்நாடு, 2022ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கப் பதக்கங்களை வென்றது. அதுவரை எந்நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை தங்கம் பெற்றதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும், 15 அல்லது 16 வயதுவரை பிள்ளை பல விளையாட்டுகளையும் ஆடட்டும், வாரத்தில் ஒன்றிரண்டு நாளேனும் ஓய்வு கொள்ளட்டும் என்று 2016ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

ஆகவே செய்யத்தக்கவை எளியவையே. நோவு என்று பிள்ளை சொன்னால் நம்புதல் வேண்டும். இரு வாரம் நீடிக்கும் நோவை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வீசிய பந்தையும் ஓடிய தூரத்தையும் எழுதி வைத்தல் வேண்டும். தோற்று வந்த மாலையிலும் வென்று வந்த மாலையிலும் வீட்டில் ஒரே முகத்தோடு சோறு பரிமாறுதல் வேண்டும். கேடயம் பாடசாலை அலுமாரியில் இருக்கும். அதனை வென்ற பிள்ளையோ, அதே முதுகோடும் அதே முழங்காலோடும் இன்னும் ஐம்பது அறுபது ஆண்டுகள் நடக்கவேண்டியவன். இன்றைக்குப் போதும், ஓய்வெடு என்று அவனுக்குச் சொல்லும் கடமை அவனைக் களத்துக்கு அனுப்பிய பெரியோரையே சார்ந்தது.