முள் நடுங்காமல் நகர



மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மாநகராட்சித் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். வந்ததை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிவிடுவோம். ஆனால் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க யாராவது நான்கு மாடி ஏறியாக வேண்டும். கீழே படிக்கட்டு ஓரம் ஒரு வட்ட முகப்பும் முள்ளும் வைத்துவிடலாம் என்று இறங்கினேன். முகப்புத் தகட்டைத் தாராவிப் பட்டறையில் ஒரு மணி நேரத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். முள்ளை நகர்த்தும் மோட்டாருக்கு, அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் எந்த டிரைவர் ஐசி வாங்குவது என்பதில்தான் பல நாள் போனது.

பழைய பிரீமியர் பத்மினி டாக்சியின் வேகமானி முள்ளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பக்கத்துக் குர்லாவில் தயாரான வண்டி. 2023 அக்டோபரில்தான் மும்பை டாக்சி வரிசையிலிருந்து விடைபெற்றது. கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் அதன் வேகமானியில் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கும். இரண்டின் பலமும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்.

பிறகு வந்த வண்டிகள் பலவற்றில் அந்த வேலையை படிப்படியாகத் திரும்பும் ஒரு குட்டி ஸ்டெப்பர் மோட்டார் செய்கிறது. எக்ஸ்27.168 என்பது பரவலாகக் கிடைக்கும் வகை. தீப்பெட்டியைவிடச் சிறியது. முள் 315 பாகை வரை திரும்பும். ஒரு படிக்கு மூன்றில் ஒரு பாகை. கேட்பதற்கு இது மிக நுட்பமாகத் தெரியும். ஆனால் 5 சென்டிமீட்டர் முள் வைத்தால் அதன் நுனி ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் குதிக்கும். தொட்டித் தண்ணீர் போல மெல்ல மாறும் ஒன்றைக் காட்டும்போது அந்தக் குதிப்பு கண்ணில் படும். முள் விக்கி விக்கி நகர்வதுபோல இருக்கும்.

இதற்குத்தான் மைக்ரோஸ்டெப்பிங். மோட்டாருக்குள் இரண்டு காயில்கள் உண்டு. ஒன்றை அணைத்து மற்றொன்றைப் போடாமல், ஒன்றில் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து மற்றதில் ஏற்றிக்கொண்டே போனால், முள் இரண்டு படிகளுக்கு நடுவிலும் நிற்கும். படி பன்னிரண்டில் ஒரு பாகையாகச் சுருங்குகிறது. நுனியின் நகர்வு 0.07 மில்லிமீட்டர்தான். அதைக் கண் கவனிக்காது.

நான் முதலில் தவறினேன். மாட்டுங்கா ரோடில் ஸ்லோ ரயில் ஏறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் ரோடில் ஒரு கடையில் ஸ்டெப்பர் டிரைவர் கேட்டேன். ஏ4988 பலகையைக் கொடுத்தார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கு அருமையான பலகை. ஒரு படியைப் பதினாறாகப் பிரிக்கும் என்றதும் மகிழ்ந்து வாங்கிவிட்டேன். ஆனால் அது மோட்டாருக்குக் குறைந்தது 8 வோல்ட் கேட்கும். ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் தர வடிவமைத்தது. நம் மோட்டாரின் காயில் சுமார் 280 ஓம். 5 வோல்ட்டில் 18 மில்லிஆம்பியர் போதும். அந்தப் பலகையில் மின்னோட்ட வரம்பைச் சரிசெய்யும் திருகாணியை 20 மில்லிஆம்பியருக்கு வைக்க வேண்டுமானால், 0.1 ஓம் தடை உள்ள வகையில் 16 மில்லிவோல்ட்டில் நிறுத்த வேண்டும். கை லேசாக அசைந்தாலே அளவு இரட்டிப்பாகும். அம்மியில் அரைக்க வேண்டியதை உரலில் போட்ட கதை.

இந்த வேலைக்கென்றே பிறந்த ஐசி எக்ஸ்12.017. அதே வேலையைச் செய்யும் விஐடி6606 என்பதும் கிடைக்கிறது. 5 வோல்ட் போதும். நான்கு மோட்டார்களை ஓட்டும். ஒவ்வொன்றுக்கும் படிக்கு ஒரு கம்பி, திசைக்கு ஒரு கம்பி. மின்னோட்டத்தை ஏற்றி இறக்குவதை அதுவே பார்த்துக்கொள்ளும். 28 சிறு கால்கள் கொண்ட, பலகையின் மேலேயே பற்றவைக்கும் ஐசி என்பதால், அடாப்டர் பலகையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

டிரைவரே இல்லாமல் மைக்ரோகன்ட்ரோலரின் கால்களிலிருந்து நேராகவும் இந்த மோட்டாரை ஓட்டலாம். வேகமாகத் திரும்பும் முள்ளுக்கு அதுவே போதும். மெல்ல நகரும் முள்ளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு படியை 256 ஆகப் பிரிக்கும் டிரைவர்களும் இந்த மோட்டாருக்கு வீண்செலவுதான். பற்சக்கரங்களுக்கிடையே இருக்கும் இளக்கம் அந்த நுணுக்கத்தையெல்லாம் விழுங்கிவிடும்.

இன்னொன்று. தான் எங்கே நிற்கிறோம் என்பது இந்த மோட்டாருக்குத் தெரியாது. மின்சாரம் போய் வந்ததும் முள்ளைப் பின்னோக்கி ஓட்டி, உள்ளே இருக்கும் தடுப்பில் முட்டவைத்து, அந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணத் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பில் விரட்டினால் படிகள் தவறும், எண்ணிக்கை பிசகும். மெல்லத் தொடங்கி வேகம் கூட்டுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் மல்டிமீட்டரை எடுத்து உங்கள் மோட்டாரின் காயிலை அளந்து, வந்த ஓம் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிரைவர் வேண்டும் என்று கேட்கும்போது அந்த எண்ணை முதலில் சொல்லுங்கள்.