11 பேர்ல நம்மாளு எத்தனை பேர்? சி.எஸ்.கே ஆல்டைம் லெவன்

இந்த எபிசோடை வழக்கமான சென்னை ரூம்ல இருந்து பேசல. ஊருக்கு வந்திருக்கேன். சங்கரன்கோவில் பக்கம் திருவேங்கடம், எங்க வீட்டு மொட்டை மாடி. நடுவுல பஸ் ஹார்ன், ஆட்டுச் சத்தம் எல்லாம் கேட்கும், பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு விஷயம் ஒரு சண்டை. எனக்கும் எங்க சித்தப்பாவுக்கும். 2025 நவம்பர்ல ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போறார், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வர்றார்னு அறிவிப்பு வந்துச்சுல்ல, அன்னைக்கு ஃபோன்ல ஆரம்பிச்சது. அதே வருஷம்தான் சி.எஸ்.கே முதல் தடவையா கடைசி இடத்துல முடிச்சது. அஷ்வின் ஐபிஎல்ல இருந்து ஓய்வு அறிவிச்சதும் அதே வருஷம். சித்தப்பா சொன்னார்: "ஒரு காலம் முடிஞ்சுட்டுல. இப்பமே கணக்கை முடிச்சு எழுதிரு. எல்லாக் காலத்துக்கும் சேர்த்து 11 பேரு யாரு?"

சின்ன வேலைன்னு நினைச்சேன். அமெரிக்கால என்.எஃப்.எல் 100ஆவது சீசனை ஒட்டி 2019ல எல்லாக் காலத்துக்கும் சிறந்த அணின்னு ஒண்ணு அறிவிச்சாங்க. அதுல மொத்தம் 100 வீரர்கள். 100 இடம் இருந்தா பெருசா யார் மனசும் நோகாது. நமக்கு 11 தான். அதுலயும் வெளிநாட்டுக்காரங்க நாலு பேருக்கு மேல கூடாது. வலி எல்லாம் அங்கதான்.

எஞ்சினியர் புத்தி, முதல்ல விதிகளை எழுதிட்டேன். ஒண்ணு, குறைஞ்சது மூணு சீசன் மஞ்சள் ஜெர்சில ஆடியிருக்கணும். ரெண்டு, மஞ்சள் ஜெர்சில செஞ்சது மட்டும்தான் கணக்கு. இந்தியாவுக்கு என்ன ஆடினாங்க, வேற டீமுக்கு என்ன ஆடினாங்கன்னு பார்க்கக் கூடாது. மூணு, மேட்ச் சேப்பாக்கத்துல நடக்குது. நாலு, பிளே ஆஃப், ஃபைனல் ஆட்டங்களுக்கு ஒன்றரை மடங்கு மதிப்பு.

முதல்ல சண்டையே இல்லாத பேர்களை எழுதிடுவோம். தோனி: கேப்டன், கீப்பர், 5 கோப்பை. அடுத்து.

மூணாவது இடம் சுரேஷ் ரெய்னா. 2008ல இருந்து 2014 வரை சென்னைக்கு ஒரு ஐபிஎல் ஆட்டம்கூட விடாம ஆடின ஆள். 2014 குவாலிஃபயர் 2, வான்கடே, பஞ்சாப் 226 அடிச்சு வெச்சிருக்கு. ரெய்னா 25 பந்துல 87. பவர்பிளே முடியும்போது சென்னை 100. அப்புறம் ரன் அவுட் ஆனார், மேட்ச் போச்சு. நான் அப்ப பள்ளிக்கூடப் பையன், சாப்பிடாம படுத்த ராத்திரி அது. தோத்த மேட்ச்ல ஆடின ஆட்டத்தை இவ்வளவு வருஷம் கழிச்சும் பேசுறோம்னா அது சும்மா இல்ல.

ஜடேஜா. 2012 ஏலத்துல வந்தார். 2021ல ஹர்ஷல் படேலோட ஒரே ஓவர்ல சென்னைக்கு 37 ரன். 2023 ஃபைனல், கடைசி ரெண்டு பந்துல 10 ரன் வேணும், ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். இப்ப அவர் வேற டீம்ங்கிறதால இதெல்லாம் அழிஞ்சிடாது.

டுவைன் பிராவோ. சென்னைக்காக ரெண்டு தடவை பர்ப்பிள் கேப்: 2013ல 32 விக்கெட், 2015ல 26. கடைசி ஓவர்கள்ல மெதுவான பந்தைப் போட்டே வாழ்ந்த மனுஷன்.

அஷ்வின். 2011 ஃபைனல், சேப்பாக்கம். எதிர்ல கிறிஸ் கெய்ல், அந்த சீசன்ல 608 ரன் அடிச்சு ஆரஞ்சு கேப் வாங்கினவர். புதுப் பந்தை தோனி ஒரு ஆஃப் ஸ்பின்னர் கையில கொடுக்கிறார். முதல் ஓவர்லயே கெய்ல் பூஜ்யம், தோனி கேட்ச். மேட்ச் அங்கயே பாதி முடிஞ்சது.

இது வரைக்கும் அஞ்சு பேர். இனிமேதான் அடிதடி.

வெளிநாட்டு இடம் நாலுல பிராவோ ஒண்ணு எடுத்தாச்சு. ஓப்பனிங்குக்கு மைக் ஹசி, மேத்யூ ஹேடன், ஃபாஃப் டு பிளெசி, ஷேன் வாட்சன்னு நாலு பேர் வரிசைல நிக்கிறாங்க. ஹேடன் 2009ல 572 ரன், ஆரஞ்சு கேப். வாட்சன் 2018 ஃபைனல்ல 57 பந்துல 117, அவுட் இல்ல. 2019 ஃபைனல்ல முழங்கால்ல ரத்தம் வடிய 80. ஃபாஃப் 2021 ஃபைனல்ல 59 பந்துல 86. ஆனா நான் ஹசியை எடுக்கிறேன். சென்னை ஆடின முதல் ஐபிஎல் ஆட்டம், 2008 மொஹாலி: 54 பந்துல 116, அவுட் இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சு 2013ல 733 ரன், ஆரஞ்சு கேப். தொடக்கத்துலயும் இருந்தார், அஞ்சு வருஷம் கழிச்சும் உச்சத்துல இருந்தார்.

பவுலிங்ல ரெண்டு வெளிநாட்டு இடம் மிச்சம். சேப்பாக்கம்னா ஸ்பின். முரளிதரனா, இம்ரான் தாஹிரா? பேரைச் சொன்னா முரளி. ஆனா ரெண்டாவது விதி ஞாபகம் இருக்கா? மஞ்சள்ல செஞ்சது மட்டும். தாஹிர் 2019ல, 40 வயசுல, 26 விக்கெட் எடுத்து பர்ப்பிள் கேப். ஏற்கெனவே அஷ்வின் ஆஃப் ஸ்பின், ஜடேஜா இடது கை. லெக் ஸ்பின் வந்தா மூணும் மூணு விதம். தாஹிர் உள்ளே.

இன்னொரு இடம் டக் பொலிஞ்சர். பதிரானா ரசிகர்கள் திட்டுவீங்க, தெரியும். கடைசி ஓவருக்கு பிராவோ இருக்கார். எனக்கு வேணும்னது இடது கை வேகம், புதுப் பந்துல. 2010ல டீம் தடுமாறிக்கிட்டு இருந்தப்ப சீசன் நடுவுல வந்து இறங்கினார், அந்த வருஷம்தான் முதல் கோப்பை. அவர் கூட தீபக் சாஹர். 2019ல கொல்கத்தாவுக்கு எதிரா சேப்பாக்கத்துல 24 பந்து போட்டதுல 20 பந்துல ரன் இல்ல. டி20ல இதை யோசிச்சுப் பாருங்க.

நாலாவது இடத்துல அம்பத்தி ராயுடு. 2018ல 602 ரன். ஓப்பனிங் இறங்குன்னா இறங்குவார், நடுவுல இறங்குன்னா அதுவும். 2018, 2021, 2023 மூணு கோப்பைலயும் இருந்தார்.

மிச்சம் ஒரே இடம், ஹசி கூட இறங்குற இந்திய ஓப்பனர். முரளி விஜயா, ருதுராஜ் கெய்க்வாட்டா?

இங்க ஒரு தப்பை ஒத்துக்கணும். முரளி விஜய்தான் எனக்கு கிரிக்கெட் பைத்தியம் பிடிக்கக் காரணம். 2010, ராஜஸ்தானுக்கு எதிரா 56 பந்துல 127. 2011 ஃபைனல்ல 52 பந்துல 95. 2012 குவாலிஃபயர் 2ல 113. அந்தக் கையை லேசா திருப்பினா பந்து சிக்ஸ் போகும். நாங்க இங்க கரிசக்காட்டுல டென்னிஸ் பால்ல அதைச் செய்யப் பார்த்து பம்புசெட் கிணத்துல எத்தனை பந்தைப் போட்டிருக்கோம் தெரியுமா.

ஸ்ப்ரெட்ஷீட்ல கணக்கு போட்டேன். விஜய் முதல்ல வந்தார். சந்தோஷம். அப்புறம் ராத்திரி ஃபைலோட பழைய வெர்ஷனைத் திறந்து பார்த்தேன். பிளே ஆஃப் மதிப்பை நான் முதல்ல ஒன்றரை மடங்குன்னு தான் எழுதியிருக்கேன். ருதுராஜ் முன்னாடி வந்ததைப் பார்த்ததும், ரெண்டு மடங்குன்னு மாத்தியிருக்கேன். மாத்தினது எனக்கே ஞாபகம் இல்ல. வேலைல யாராவது டெஸ்ட் பாஸ் ஆகணும்னு டெஸ்ட்டையே மாத்தினா நான் எவ்வளவு கத்துவேன்? அதையே நான் செஞ்சிருக்கேன்.

ஏன் செஞ்சேன்னு யோசிச்சேன். விஜய் போனா அந்த 11ல தமிழ்நாட்டுக்காரர்னு அஷ்வின் ஒருத்தர்தான். அது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்.

இது என் பிரச்சனை மட்டும் இல்ல. 2010, 2011 ரெண்டு ஃபைனல்லயும் விஜய், பத்ரிநாத், அஷ்வின் மூணு பேரும் ஆடினாங்க. 2023 ஃபைனலுக்கு வாங்க. சென்னை லெவன்ல தமிழ்நாட்டு வீரர் ஒருத்தர்கூட இல்ல. அன்னைக்கு அகமதாபாத்துல 47 பந்துல 96 அடிச்சு நம்மை நடுங்க வெச்சது யாரு? குஜராத்துக்கு ஆடின சாய் சுதர்சன், சென்னைப் பையன். தினேஷ் கார்த்திக் சென்னை அணிக்கு ஆடினதே இல்ல. வாஷிங்டன் சுந்தர் இல்ல, வருண் சக்கரவர்த்தி இல்ல, சின்னப்பம்பட்டி நடராஜனும் இல்ல. ஏலம்னா அப்படித்தான், யார் கையை உயர்த்துறாங்களோ அவங்களுக்கு. நடராஜனை 2017ல பஞ்சாப் எடுத்தப்ப சென்னை அணி தடைல இருந்துச்சு. எல்லாத்துக்கும் காரணம் இருக்கு. ஆனாலும் உறுத்துது.

"ரெய்னா மட்டும் என்ன மயிலாப்பூரா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயம். உத்தரப்பிரதேசத்துல இருந்து வந்தவரைச் சின்ன தலன்னோம். ராஞ்சில இருந்து வந்தவரைத் தலன்னோம். 2018ல காவிரிப் போராட்டத்தால மேட்ச்சை புனேக்கு மாத்தினப்ப, சிறப்பு ரயில்ல கிளம்பிப் போனாங்க ரசிகர்கள். யாரு எந்த ஊருன்னு பார்த்தா போனாங்க? பிறந்த ஊரை வெச்சு மட்டும் 'நம்மாளு'ன்னு சொல்ல முடியாது.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. எங்க சித்தப்பா எங்க ஊர் டீம்ல அஞ்சாவது ஆள். மூணு விக்கெட் போனதும் இறங்கி, மானத்தைக் காப்பாத்திட்டு வர்ற ஆள். கோவில்பட்டி, சங்கரன்கோவில், ராஜபாளையம்னு டோர்னமென்ட் டோர்னமென்ட்டா போய் ஆடினார். அவர் காலத்துல மேல போகணும்னா சென்னை லீக். சென்னை இங்க இருந்து 600 கிலோமீட்டர். அங்க தங்கணும், சாப்பிடணும், வேலை வேணும். போகல. சி.எஸ்.கேவை 2008ல வாங்கின இந்தியா சிமென்ட்ஸோட முதல் ஆலை எங்க இருக்கு? 1949ல ஆரம்பிச்சது, திருநெல்வேலி பக்கம் சங்கர் நகர்ல. சித்தப்பா சொல்வார், "சிமென்ட்டு நம்ம ஊர்ல, டீமு அவங்க ஊர்ல." 2016ல டி.என்.பி.எல் வந்து அதே சங்கர் நகர் மைதானத்துல விளக்கு வெளிச்சத்துல மேட்ச் நடந்தப்ப என்னைக் கூட்டிட்டுப் போனார். மேட்ச்சை விட பிட்ச்சைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார்.

சரி, முடிவுக்கு வர்றேன். மதிப்பைத் திரும்ப ஒன்றரைக்கு மாத்தினேன். ருதுராஜ் வந்தார். 2021ல 635 ரன், ஆரஞ்சு கேப், ஃபாஃபை விட ரெண்டே ரன் அதிகம். 2023ல 590, 2024ல 583. விஜய் சென்னைக்கு எந்த சீசன்லயும் 500 தொடல. பெரிய மேட்ச்னு பார்த்தாலும் 2021, 2023 ரெண்டு குவாலிஃபயர் 1லயும் ருதுராஜ் 70, 60 அடிச்சிருக்கார். விஜய்க்காக நான் சொல்ல வர்ற காரணம் எல்லாமே, கடைசில பார்த்தா என் 13 வயசுதான். அதை ஸ்ப்ரெட்ஷீட்ல போட முடியாது.

லிஸ்ட்டை நேத்து சித்தப்பாகிட்ட வாசிச்சேன். ஹசி, ருதுராஜ், ரெய்னா, ராயுடு, தோனி, ஜடேஜா, பிராவோ, அஷ்வின், சாஹர், தாஹிர், பொலிஞ்சர். விஜய்க்காகத் திட்டுவார்னு காத்திருந்தேன். அவர் கேட்டது வேற. "பத்ரி எங்கலே?"

"சித்தப்பா, ஐபிஎல்ல மொத்தம் 1,441 ரன்தான். ராயுடு ஒரே சீசன்ல 602 அடிச்சிருக்கார்."

"அவன் இறங்குத நேரத்துக்கு ரன்னு வருமாலே? மேல உள்ளவன் அடிச்சா இவனுக்கு பேட்டே கிடைக்காது. மேல உள்ளவன் அவுட்டானா இவன் நின்னு ஆடணும். அத எந்தக் கட்டத்துல போடுவ நீ?"

பதில் இல்ல எனக்கு. 2011ல பத்ரிநாத் கிட்டத்தட்ட 400 ரன் அடிச்சார், அஞ்சு அரைசதம். ஆனா அவரோட வேலையே, நிலைமை மோசமானா மட்டும் தேவைப்படுற வேலை. என் ஷீட்ல அதுக்குன்னு ஒரு காலம் இல்லதான்.

கொஞ்ச நேரம் கழிச்சு சித்தப்பாவே சொன்னார், "இப்பம்தான் 12 பேரு ஆடலாம்ல?"

இம்பாக்ட் பிளேயர்! 2023ல வந்த விதி. யோசிச்சுப் பாருங்க. நம்ம டீம் ரெண்டாவது பேட்டிங். சாஹர் நாலு ஓவர் போட்டு முடிச்சுட்டார். 30 ரன்னுக்கு மூணு விக்கெட். சாஹரை வெளிய எடுத்துட்டு பத்ரிநாத்தை இறக்கலாம். இந்தியர்ங்கிறதால வெளிநாட்டுக் கணக்கும் இடிக்காது. டாப் ஆர்டர் நல்லா ஆடினா அவர் தேவையே இல்ல, பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கலாம். அவர் காலத்துல இல்லாத ஒரு விதி அவருக்காகவே எழுதின மாதிரி இருக்கு. இது சென்டிமென்ட் இல்ல மக்களே, சத்தியமா. பழைய வெர்ஷனைக்கூட செக் பண்ணிட்டேன்.

ஆக, 12ஆவது ஆள் சுப்ரமணியம் பத்ரிநாத். தமிழ்நாட்டுக் கணக்கு இப்ப ரெண்டு. இதை 13 வயசுல யாராவது என்கிட்ட சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன். இப்ப ரெண்டுதான் உண்மைனா ரெண்டுதான். அடுத்த 15 வருஷத்துல இந்த லிஸ்ட்டை யாராவது திரும்பப் போடும்போது அது நாலா, அஞ்சா ஆகட்டும். அதுல ஒருத்தன் கோவில்பட்டிக்குத் தெக்க இருந்து வந்தா, எங்க சித்தப்பா அன்னைக்கு ஊருக்கே டீ வாங்கித் தருவார்.

உங்க லெவனை அனுப்புங்க. விதிகளை முதல்லயே எழுதிட்டு அனுப்புங்க. அப்புறம் மாத்தினா எனக்குத் தெரியும். நானும் அதைத்தானே செஞ்சேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.